படிப்பு இடைநின்றதற்கான காரணம்

பரமட்டா ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த ஒரு அரசாங்கக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், மதிய உணவு மேசையின் மூலையில், ஒரு சின்னத் தட்டு எப்போதும் தனியாக இருக்கும். மற்றத் தட்டுகளில் பன்றி இறைச்சியும் கோழியும் வைத்த சண்ட்விச்சுகள் மலையாகக் குவிந்திருக்கும். இந்தத் தட்டில் மட்டும் முட்டையும் வெள்ளரிக்காயும் வைத்த எட்டோ பத்தோ துண்டுகள். மேலே மெல்லிய பிளாஸ்ரிக் தாள் போர்த்தி, வெள்ளைக்காரர் கணக்கில் சைவம் என்பதற்கு அடையாளமாக ஒரு பல்லுக்குத்தியில் பச்சைக் கொடி குத்தியிருப்பார்கள். பயிற்சிக்கு வந்த நாற்பது ஆசிரியர்களில் அந்தக் கொடியைத் தேடிப் போகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். மற்றவரை நான் மாஸ்டர் என்று கூப்பிடுவேன். அவர் என்னை ரீச்சர் என்பார்.

அந்தப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாக நாட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கவென்று கன்பராவிலிருக்கும் மத்திய அரசு பாடசாலைகளுக்கு நிதி தரும். நிதி வந்தால் படிவம் வரும். படிவம் வந்தால் அதை நிரப்ப ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு இணைப்பாளர் என்று பெயர். மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதால் எங்கள் பாடசாலையில் அந்தப் பெரிய பதவி எனக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பித்தவள் நான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சிட்னிக்கு வந்து, படித்ததையெல்லாம் இன்னொரு தடவை படித்து, கடைசியில் பிள்ளைகளை விடப் படிவங்களோடு அதிக நேரம் செலவழிக்கிறவளாக ஆகியிருந்தேன். பாடசாலைத் தவணைக்கு ஒரு தடவை இணைப்பாளர்களை ஒன்றாகக் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். வளர்ந்த மனிதர்கள் நிலத்தில் முழந்தாளிட்டுப் பெரிய வெள்ளைத் தாள்களில் கலர் பேனாவால் அம்புக்குறி போடுவதை அங்கேதான் முதலில் பார்த்தேன். நம்பிக்கை வளர்க்கும் பயிற்சி என்று சொல்லி ஒரு கம்பளி நூல் பந்தை ஒருவருக்கொருவர் எறியச் சொன்ன நாளும் உண்டு. எனக்கு எறிந்தவர் என் பெயரைச் சொல்ல முடியாமல் பந்தையே கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானே எழும்பிப் போய் வாங்கிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களை நான் எதிர்பார்த்துக் காத்திருப்பேன். ஹரிஸ் பார்க்கில் ஒரு அறை வீட்டில் தனியே இருந்தவளுக்கு அது ஒரு வெளிக்கிடல். புதுச் சேலை கட்டாவிட்டாலும் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போவேன். நாற்பது பேரும் நல்லவர்கள். வார விடுமுறை எப்படிப் போனது என்று கேட்பார்கள். நன்றாகப் போனது என்று சொன்னதும் அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பிறகு சொல்ல அவர்களிடமும் ஒன்றும் இருக்காது, என்னிடமும் ஒன்றும் இருக்காது. ஒரு அறை நிறைய ஆட்களுக்கு நடுவே இருந்துகொண்டு தனிமையில் வாடுவது எப்படி என்று அந்தப் பயிற்சியில்தான் நன்றாகக் கற்றேன்.

மாஸ்டரை முதலில் கண்டது அந்தத் தட்டுக்கு முன்னால். மெலிந்த மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, நரைக்கத் தொடங்கிய குறுந்தாடி. பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "தமிழோ?" என்று கேட்டார். நான் ஓம் என்றதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். "நீங்கள் சைவமோ?" என்று கேட்டேன். "இல்லை ரீச்சர், இங்க ஹலால் இல்லைத்தானே, எனக்கு இந்தக் கொடிதான் காவல்" என்றார். யாழ்ப்பாணத்து ஆட்கள் இருவர் சந்தித்தால் கேட்கும் அடுத்த கேள்வியை நானும் கேட்டேன். எந்த ஊர்? யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் எங்கே? அவர் ஒரு கணம் தயங்கி, "சோனகர் தெரு" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் சில மணித்தியாலத்தில் ஊரை விட்டு அனுப்பியது உலகத்துக்குத் தெரியாவிட்டாலும் எங்களுக்குத் தெரியும். சிட்னியில் எங்கள் ஆட்கள் கூடும் வீடுகளில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை. "ஐஞ்சு சந்தியடியோ?" என்று கேட்டேன். அவருக்கும் அது பெரிய நிம்மதி. என் அப்பாவுக்குச் சட்டை தைத்த தையற்காரர் அவருடைய சின்னையாவின் பக்கத்துக் கடைக்காரர் என்று கண்டுபிடித்தோம். அவர் விஞ்ஞானம் படிப்பித்த பாடசாலையும் நான் கணக்குப் படிப்பித்த பாடசாலையும் சைக்கிளில் பத்து நிமிட தூரம். அங்கே ஒரு நாளும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இங்கே ஒரு தட்டு எங்களைப் பேச வைத்தது. இரண்டு வருடங்கள், தவணைக்கு ஒரு மதிய உணவு, ஜன்னலோரம் இரண்டு கதிரைகள். பாடசாலைப் பகிடிகள், அதிபர்களின் குணங்கள், கன்பராவின் படிவங்கள். அந்த ஒரு விஷயத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். அவர் மனைவியையும் மகளையும் பற்றிச் சொல்வார். நான் ஊரில் இருந்த அம்மாவையும் தங்கையையும் பற்றிச் சொல்வேன். வீட்டுக்குத் திரும்பும்போது வாய் நிறையத் தமிழ் பேசிய களைப்பு இருக்கும். அது எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு குளிர்காலத்துப் பயிற்சி நாள் அது. புதிதாக வந்த பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோரிடம் எப்படி விவரம் கேட்பது, எப்படிப் படிவத்தை நிரப்புவது என்பதுதான் அன்றைய பாடம். பயிற்சி நடத்திய பெண்மணி கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நல்ல மனுசி. படிவத்தில் ஒரு பெட்டி இருந்தது. படிப்பு இடைநின்றதற்கான காரணம் என்பது அதன் தலைப்பு. அதற்குள் இரண்டு கோடுகள். அந்தப் பெண்மணி இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். பெற்றோர் சொன்னதை எழுதுங்கள், நீங்கள் நினைத்ததை எழுதாதீர்கள். இரண்டாவது, சுருக்கமாக எழுதுங்கள், கன்பராவில் இதை வாசிப்பவருக்கு நேரம் இல்லை. பிறகு எங்களை இருவர் இருவராகப் பிரித்தார். ஒருவர் இணைப்பாளர், மற்றவர் பெற்றோர். பிறகு மாறிக்கொள்ள வேண்டும். கதை உண்மையானதாக இருந்தால் நல்லது, ஒரே மொழி தெரிந்தவர்கள் அந்த மொழியிலேயே பேசலாம், எழுதுவதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றார். நாங்கள் இருவரும் ஒரே மேசைக்குப் போனோம். வேறு எங்கே போவது.

முதலில் நான் பெற்றோர். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் தங்கையின் மகளைப் பற்றிச் சொன்னேன். முந்திய வருடம் இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கியபோது ஊரே வெளிக்கிட்டு நடந்ததையும், மழையில் பாலத்தில் நகர முடியாமல் அந்தப் பிள்ளை என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், அம்மா கடிதத்தில் எழுதியபடி சொன்னேன். மாஸ்டர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். இடையிடையே நிறுத்தி, "பிள்ளைக்கு அப்ப எத்தினை வயசு?", "புத்தகப் பை கொண்டு போனவவோ?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். கைலேஞ்சியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பார்க்காத மாதிரித் தொடர்ந்து எழுதினார்.

பிறகு என் முறை. படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டேன். பிள்ளையின் பெயர், வகுப்பு, வீட்டில் பேசும் மொழி. படிப்பு இடைநின்றதா? ஓம், இரண்டு வருடம். காரணம்? மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். இரண்டு வருடம் பேசாததை அவர் அன்றைக்குப் பேசினார். அதுவும் குரலை உயர்த்தாமல், வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி.

"ஒலிபெருக்கியில சொன்னவங்கள் ரீச்சர், எல்லாரும் வெளிய வாங்கோ எண்டு. ஏதோ கூட்டம் எண்டு நினைச்சம். ரெண்டு மணித்தியாலம் தந்தவங்கள். மகளுக்கு அடுத்த நாள் கணக்குச் சோதினை. அவ கொப்பியைக் கையில வைச்சுக்கொண்டே வந்தா. வழியில மறிச்சு எல்லாத்தையும் பார்த்தாங்கள். கொப்பியை ஒவ்வொரு பக்கமாத் தட்டிப் பார்த்துட்டுக் குடுத்தாங்கள். காதில கிடந்த தோட்டைக் கழட்டச் சொன்னாங்கள். உம்மா எண்டு அழுதா. மனிசிதான் கழட்டினவ, அவங்கள் கழட்டினா நோகும் எண்டு."

"ஆர் மாஸ்டர்?" என்று கேட்டேன். படிவம் நிரப்புகிறவர்களுக்கு வாயில் வரும் கேள்வி அது. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆர் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? எங்கட பொடியள்தான். அதில ஒருத்தனுக்கு நான் எட்டாம் வகுப்பில விஞ்ஞானம் படிப்பிச்சனான். என்னைக் கண்டோண்ண தலையைக் குனிஞ்சவன். ஆனா துவக்கைக் கீழ வைக்கேல்லை." படிவத்தைப் பார்த்தபடி, "பிறகு புத்தளத்தில அகதி முகாம், ஓலைக் கொட்டில். அங்க எங்க பள்ளிக்கூடம்? ரெண்டு வருசம் அந்தக் கணக்குக் கொப்பியைத்தான் திருப்பித் திருப்பிச் செய்தவ" என்றார்.

இயக்கத்துப் பொடியளை எங்கட பொடியள் என்று அவர் சொன்னது என்னைச் சுட்டது. உங்கட பொடியள் என்றோ உங்கட ஆக்கள் என்றோ சொல்லியிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தேன். நேரம் முடிகிறது என்று அந்தப் பெண்மணி மணி அடித்தார். நான் எழுதினேன்: உள்நாட்டுப் போர் காரணமாகக் குடும்பம் இடம்பெயர்ந்தது, இரண்டு வருடங்கள் பாடசாலை இல்லை. அழகான கையெழுத்து. இரண்டு கோடுகளுக்குள் அச்சாக அடங்கியது.

வாசிக்கச் சொன்னார்கள். மாஸ்டர் முதலில் எழும்பினார். அவர் பெட்டியில் இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதியிருந்தார். இராணுவம் நெருங்கியதால் என்று தொடங்கி, மழை, பாலம், அம்மாவின் கை, புத்தகப் பை எல்லாம் இருந்தது. யார் துரத்தினார்கள் என்பது முதல் வரியிலேயே இருந்தது. என் தங்கையின் மகளுக்காக அவர் இரண்டு இடத்தில் நிறுத்தி, அதே வரியைத் திரும்ப வாசித்தார். பிறகு நான் எழும்பி என்னுடைய இரண்டு வரியை வாசித்தேன். ஐந்து விநாடி எடுத்திருக்கும். எல்லோரும் கை தட்டினார்கள். மாஸ்டர் எழுதியது மனதைத் தொடுகிறது, ஆனால் இடத்துக்கு மிஞ்சியது, இதுதான் நாம் எதிர்பார்ப்பது என்று அந்தப் பெண்மணி என் தாளை வாங்கி உயர்த்திக் காட்டினார். அதைப் பிரதி எடுக்கலாமா என்றும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

ஏன் அப்படி எழுதினாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டதற்குக் கணக்கில்லை. இடம் போதவில்லை என்று சொல்லலாம். நாற்பது வெள்ளைக்காரருக்கு முன்னால் எங்கள் வீட்டு அழுக்கை ஏன் விரித்துப் போட வேண்டும் என்று நினைத்தேன் என்றும் சொல்லலாம், அது கொஞ்சம் உண்மை. ஆனால் பெரிய உண்மை வேறு. எனக்குப் பயம். எங்கள் ஆட்கள் காதுக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்ற பயம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் மூன்று நான்கு வீடுகள்தான் அப்போது எனக்கு இருந்தன. அந்த வீடுகளும் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று, பேனா கையில் இருந்த அந்த அரை நிமிடத்தில், கெட்டித்தனமாகக் கணக்குப் பார்த்திருக்கிறேன். கணக்கு ரீச்சர் அல்லவா.

அன்றைக்குத் தேநீர் நேரத்தில் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் ஆங்கிலத்தில், நன்றாக எழுதியிருக்கிறீர்கள் மேடம், வாழ்த்துகள் என்றார். நான் தமிழில் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் ஆங்கிலத்திலேயே, ரயிலுக்கு நேரமாகிறது என்றார். அடுத்த தவணையும் அந்தத் தட்டுக்கு முன்னால் சந்தித்தோம். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, எப்படி இருக்கிறீர்கள் மேடம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். அதற்கும் ஆங்கிலத்தில் மறுமொழி வந்தது. அதற்கடுத்த தவணையும் அப்படித்தான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு முதலில் தட்டை நீட்டுவார், கதவைத் திறந்து பிடிப்பார், என் தங்கை குடும்பத்தைப் பற்றிக்கூட விசாரிப்பார். ஆனால் அந்த மனிதர் என்னோடு தமிழில் ஒரு சொல் பேசவில்லை. சண்டை பிடித்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். வார விடுமுறை எப்படிப் போனது என்று அவரும் கேட்கத் தொடங்கிய நாளில் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அத்தோடு முடியவில்லை. என் இரண்டு வரியை அந்தப் பெண்மணி கண்ணாடித் தாளில் பிரதி எடுத்து, பிள்ளையின் பெயரைக் கறுப்பு மையால் மறைத்து, ஒவ்வொரு பயிற்சியிலும் புரொஜெக்டரில் போட்டுக் காட்டத் தொடங்கினார். சரியாக நிரப்பிய படிவத்துக்கு உதாரணம் அது. விளக்கை அணைப்பார்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு என் கையெழுத்து வரும். இருட்டில் மாஸ்டர் எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வந்ததில்லை. இரண்டு மூன்று வருடங்கள் அவர் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு தவணை வரவில்லை. மெல்பேர்னுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து அந்தப் பெண்மணிதான் சொன்னார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்ததும் வெட்கக்கேடுதான்.

சில வருடங்களில் அந்தப் பெண்மணி ஓய்வு பெற்றார். படிவம் நிரப்புவதில் பெயர் எடுத்த நானே பயிற்சியாளர் ஆனேன். அவர் ஒப்படைத்த கோப்பில் என் கண்ணாடித் தாள் இருந்தது. அதை எடுத்து எறிந்திருக்கலாம். எறியவில்லை. புரொஜெக்டர் போய்க் கணினி வந்தபோது அதைப் படம் பிடித்துத் திரையில் போட்டேன். எத்தனை நூறு ஆசிரியர்களுக்குக் காட்டியிருப்பேன். பெற்றோர் சொன்னதை எழுதுங்கள், நீங்கள் நினைத்ததை எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அந்தப் பொய்யை உதாரணமாகக் காட்டுவேன். முதல் சில தடவை நெஞ்சு இடித்தது. பிறகு இடிக்கவில்லை. பழகிவிட்டது. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் வெட்கம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்தப் பத்து வருடங்களின் கடைசிப் பகுதியில், மெல்பேர்னில் ஒரு பயிற்சி நடத்தக் கூப்பிட்டார்கள். முப்பது பேர் வரையில் இருந்தார்கள். என் இரண்டு வரி திரையில் வந்ததும் இரண்டாவது வரிசையில் தலையில் முக்காடு போட்ட ஒரு இளம் ஆசிரியை கையை உயர்த்தினார். ஆங்கிலத்தில் கேட்டார். இடம்பெயர்ந்தது என்று இருக்கிறது, யார் வெளியேற்றினார்கள் என்று பெற்றோர் சொல்லவில்லையா? நான் சிரித்துக்கொண்டு, இரண்டு கோடுகள்தானே இருக்கின்றன என்றேன். வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு நான் கணினி வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்தார். இந்த முறை தமிழில் பேசினார், கொஞ்சம் தடுமாறி. "அன்ரி, இது சிட்னியில எழுதினதோ?" ஓம் என்றேன். "ரெண்டு வருசம் பள்ளிக்கூடம் போகேல்லை. அஞ்சாம் வகுப்பில விட்டது. அது நான் எண்டு நினைக்கிறன்." நான் வயரைக் கீழே போட்டேன். அவர் காதைப் பார்க்கத் தோன்றியது. முக்காட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. "வாப்பா ஒருக்கா சொன்னவர், என்ர ஃபோர்மை வைச்சுப் படிப்பிக்கினம் எண்டு. நான் பகிடி எண்டு நினைச்சன்" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா அவர் சொன்னது இதில்லை அன்ரி" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. பிழையைக் காட்டும் ஆசிரியையின் குரல்.

அன்றைக்கு நான் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு ரெலிபோன் நம்பர். மெல்பேர்னின் புறநகரான ரோவிலில் வீடு, பின்னேரத்தில் வாப்பா வீட்டில்தான் இருப்பார் என்றார். சிட்னிக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தத் திரைப் பக்கத்தை அழித்தேன். அதற்கு ஒரு விநாடி போதுமாக இருந்தது. ஆனால் நம்பரைச் சுழற்ற மாதக்கணக்கில் முடியவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் ரிசீவரை எடுப்பேன். தமிழில் தொடங்கினால் அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வாரே, அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன் என்று நினைத்துத் திருப்பி வைத்துவிடுவேன்.

பிறகு போர் முடிந்த அந்த வைகாசி வந்தது. தங்கை குடும்பம் அதற்கு முன்னரே இலண்டனுக்குப் போய்விட்டது. அம்மா வன்னியிலேயே சில வருடங்களுக்கு முன் நோயில் இறந்துவிட்டா. ஆனாலும் தெரிந்தவர்கள், படிப்பித்த பிள்ளைகள் என்று எத்தனையோ பேருடைய செய்தி வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஆட்கள் ஒவ்வொரு வீட்டிலும் கூடி அழுதார்கள். நானும் போய் அழுதேன். உலகம் எங்களைப் பற்றி உண்மையைச் சொல்லவில்லை, எல்லோரும் மூடி மறைக்கிறார்கள் என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். அது சரிதான். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அப்படித் தலையாட்டிவிட்டு வந்த ஒரு பின்னேரம், சேலைகூட மாற்றாமல் ரோவிலுக்கு ஃபோன் எடுத்தேன்.

அவர்தான் எடுத்தார். ஹலோ என்ற குரலில் வயது ஏறியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில், எப்படி இருக்கிறீர்கள் மேடம், உங்கள் உறவினர்கள் நலமா, இந்த நாட்களில் உங்களை நினைத்தேன் என்றார். நான் தமிழில், "மாஸ்டர், அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் எழுதேல்லை" என்றேன். நான் விடாமல் சொல்லிக்கொண்டு போனேன். ஒலிபெருக்கி, இரண்டு மணித்தியாலம், கணக்குக் கொப்பி, காதுத்தோடு, தலையைக் குனிந்த மாணவன். எங்கட பொடியள்தான் அதைச் செய்தார்கள் என்று சொன்னேன். பன்னிரண்டு பதின்மூன்று வருடத்துக்குப் பிறகும் ஒன்றையும் மறக்கவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "நான் அதை எழுதியிருக்கோணும். பயத்தில எழுதேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். இப்போதாவது அந்தப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் இருமினார். பிறகு கேட்டது தமிழ்.

"வெள்ளைக்காரருக்குச் சொல்லி என்ன ரீச்சர்? அவைக்குச் சொல்லேல்லை எண்டு நான் கவலைப்படேல்லை. அந்த அறையில நான் சொன்னது விளங்கின ஆள் நீங்கள் ஒராள்தான். நீங்களும் அப்பிடி எழுதினோண்ணதான் எனக்குப் பேச்சு நிண்டது." பிறகு, "சொல்லுறதெண்டா எங்கட ஆக்களுக்குச் சொல்லுங்கோ" என்றார்.

அந்த ஞாயிறு ஒரு வீட்டில் சாப்பாடு. இருபது வருடமாக எனக்குப் புட்டும் கறியும் போட்ட வீடு. அவர்கள் நல்லவர்கள், அதை நான் எப்போதும் சொல்வேன். அன்றைக்கும் இறந்தவர்களைப் பற்றியும், எங்களுக்கு நடந்ததை யாரும் கேட்கவில்லை என்பதைப் பற்றியும்தான் பேச்சு. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தொண்ணூறில சோனகர் தெருவில நடந்ததை நாங்களும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றேன். தொடங்கியதை நிறுத்தவில்லை. மாஸ்டர் சொன்னது அத்தனையையும், அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். வீட்டுக்கார ஐயா, "இந்த நேரத்தில ஏன் இதை?" என்று கேட்டார். அவருடைய மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோறு ஆறுது, எல்லாரும் சாப்பிடுங்கோ" என்றா. சாப்பிட்டோம். வாசலில் ஒருவரும் அடுத்த கிழமை வாங்கோ என்று சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து பிறகு அழைப்பு வரவே இல்லை. மற்ற வீடுகளிலிருந்தும் மெல்ல மெல்ல நின்றுவிட்டது. அரை நிமிடத்தில் நான் போட்ட கணக்குப் பிழையில்லை என்பதை அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் தெரிந்துகொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ரோவிலுக்கு ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். முடித்த பிறகு மாஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பிடி நடக்கேல்லை எண்டு ஆரும் சொன்னவையோ?"

"இல்லை மாஸ்டர். ஒருத்தரும் சொல்லேல்லை."

"அது காணும் ரீச்சர், போதும்" என்றார்.